பத்தாம் நரம்பு

"தேடுனது போதும்" என்று கஸ்பார் சொன்னபோது அவர் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லையாம். துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் அதை ஒரு பாராட்டாகத்தான் அவர் மனைவி மெற்றில்டாவிடம் சொன்னார்கள்.

"பெத்த பிள்ளை கடலுக்குள்ள கெடக்கான். அப்பவும் மனுசன் எவ்வளவு நிதானமாப் பேசுனாரு தெரியுமாக்கா? மீன்துறை அதிகாரியே எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரு."

மாதா கோயில் வாசலில், காணாமல் போன படகுக்காரர்களின் வீட்டுப் பெண்களோடு மெற்றில்டா உட்கார்ந்திருந்தாள். புயல் கடந்துவிட்டது, கடல் இன்னும் அடங்கவில்லை. அரசாங்கத்தின் ட்ரோன்களும் ரோந்துக் கப்பலும் தேடிப் பார்த்துத் திரும்பிவிட்டன. ஊர் விசைப்படகுகளாவது போய்ப் பார்க்கட்டும் என்று இளைஞர்கள் டீசலை நிரப்பிக்கொண்டு, சங்கத் தலைவர் கஸ்பாரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அந்தச் சொல்தான் இப்போது வந்திருந்தது. காணாமல் போனவர்களில் அவர் மகனும் ஒருவன். தகப்பனே வேண்டாம் என்ற பிறகு வேறு யார் கயிற்றை அவிழ்ப்பார்கள்?

மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் இருந்த ரெஜினா மெல்லத் திரும்பினாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். அவள் புருஷன் செல்வினும் அதே படகில்தான் போயிருந்தான்.

"அத்த, மாமா எதுக்கு அப்படிச் சொன்னாவ? ஜெனிஸ்டன் அந்தப் போட்டுல இல்லையா?"

பதில் மெற்றில்டாவுக்குத் தெரியும். அந்த நிதானத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

ஒரு காலத்தில் கஸ்பார் வாய் திறந்தால் சந்தனமாதாபட்டினமே கேட்கும். டீசல் மானியத்துக்கும், பிடிபட்ட படகுகளுக்கும், கரையைத் தின்னும் கல் சுவருக்கு எதிராகவும் அவர் தொண்டை கிழியக் கத்தினார். வீட்டிலும் அதே கத்தல்தான். தட்டு பறக்கும். ஜெனிஸ்டன் சின்ன வயதில் அப்பாவின் பைக் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறம் போய்விடுவான். அந்தக் கோபம் மெல்ல மெல்ல அவர் உடம்பையே தின்னத் தொடங்கியது. முதலில் ரத்தக் கொதிப்பு, அப்புறம் குடல் புண், கடைசியில் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடி, ஒரு மறியலின் நடுவே தார் ரோட்டில் சரிந்து விழுந்தார். மாத்திரைகள் எதுவும் பிடிக்கவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் இந்துமதிதான் ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார்.

"மூளையிலேருந்து கிளம்புற நரம்புகள்ல இது பத்தாவது. கழுத்து வழியா இறங்கி, நெஞ்சு, குடல்னு எல்லாத்தையும் தொட்டுட்டுப் போகும். உடம்பைப் பார்த்து 'பதறாதே'ன்னு சொல்றது இதோட வேலை. உங்க வீட்டுக்காரர் உடம்பு அதைக் காதுலயே போட்டுக்க மாட்டேங்குது. அதனால காறையெலும்புக்குக் கீழ, நெஞ்சுல ஒரு சின்னக் கருவியை வச்சு, இந்த நரம்புக்கு லேசா மின்சாரம் கொடுப்போம். பழைய கருவிங்க கடிகாரம் மாதிரி நேரம் வச்சு ஓடும். இது அப்படி இல்ல. பதற்றம் கிளம்பும்போதே மோப்பம் பிடிச்சு, அது ஏறுறதுக்குள்ள அமுக்கிடும்."

"அப்போ கோவமே வராதா?" மெற்றில்டா ஆசையோடு கேட்டாள்.

"வரும். உடம்புல ஏறாது."

கஸ்பார் வேண்டாம் என்றார். அவள்தான் அழுதாள், சண்டை போட்டாள், மகனைத் தூது அனுப்பினாள். கடைசியில் வைத்துக்கொண்டார்.

குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்துப் போனது. அந்த மின்சாரம் தொண்டை நரம்பையும் தொடுவதால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மற்றபடி வீட்டுக்கு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. மனிதர் தூங்கினார். "ஏட்டி" என்று கூப்பிட்டவர் "மெற்றில்டா" என்று முழுப்பெயர் சொன்னார். அப்பனும் மகனும் ஒரே தட்டில் பொரித்த மீனைப் பிய்த்துத் தின்பதை அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். அந்த டாக்டருக்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

அவள் கோயிலிலிருந்து வீட்டுக்கு ஓடினாள். கஸ்பார் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு நிறுத்தச் சொன்னிய?"

"காத்து இன்னும் விழல. இந்தக் கடல்ல போட்ட எறக்குனா போறவனும் வரமாட்டான். அவங்கிட்ட தண்ணி தீந்திருக்கும். ஒரு சிக்னல் இல்ல, ஒரு கேன் மிதக்கல. இன்னும் பத்து வீட்டுல எழவு விழணுமா?"

"இதையே வேற ஆளு சொன்னா கேட்டுக்கிடுவேன். நீங்க அவனப் பெத்தவரு."

அவர் துண்டால் காலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்குத் தெரியுது மெற்றில்டா. அவன் எம்மவன். அவன் செத்துக்கிட்டிருக்கலாம். எல்லாம் தெரியுது. பயம் வருத மாதிரிதான் இருக்கு. வந்து வாசல மிதிக்கும்போது யாரோ கதவச் சாத்திருதாங்க. அந்தப் பக்கம் அது நிக்கிதுன்னு தெரியுது. உள்ள வரல."

"கதவத் தொறங்களேன்!"

"சாவி எங்கிட்ட இல்லையே." பிறகு, "சோறு இருக்கா?" என்றார்.

அவள் அறைக்குள் போய் டாக்டருக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததும் அழுகையை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

"அத நிறுத்தணும் டாக்டர். ஒரு நாளைக்காவது."

"நீங்க கேக்குறது எனக்குப் புரியுது. ஆனா கேளுங்க. இத்தனை மாசமா அவர் நெஞ்சுக்குக் கடிவாளம் அதுதான். இப்படி ஒரு நேரத்துல அத அவுத்துவிட்டா, சேர்த்து வச்சதெல்லாம் ஒண்ணா ஏறும். துடிப்பு தப்பிடும். வழியிலயே போயிடலாம்."

"போகாமலும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம். டாக்டரா நான் அதுக்குச் சரின்னு சொல்ல முடியாதும்மா."

"அவரு கத்துனா ஊரு கெளம்பும் டாக்டர். எம்மவனோட இன்னும் நாலு பேரு இருக்காங்க."

"நீங்க எங்கிட்ட புருஷனா மகனான்னு கேக்குறீங்க. அத நான் முடிவு பண்ண முடியாதும்மா" என்றார் இந்துமதி.

கருவியோடு ஆஸ்பத்திரியில் ஒரு காந்தம் கொடுத்திருந்தார்கள். வட்டமாக, கைக்கடிகாரம் அளவில். சாப்பிடும்போது தொண்டை அடைத்தால் அதை நெஞ்சில் வைத்து அழுத்தினால் போதும். காந்தம் அங்கே இருக்கும்வரை மின்சாரம் நிற்கும், எடுத்தால் மறுபடி ஓடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மெற்றில்டா வெளியே வந்தாள்.

அவருக்குத் தெரியாமல் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு வரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். செத்துப் போகலாம் என்பதையும் சொன்னாள்.

"வை" என்றார் அவர், யாரோ தண்ணீர் கேட்டதற்கு 'எடுத்துக்கோ' என்பது போல.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். நீ சொல்லுததுல ஞாயம் இருக்கு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லையே. அதுதான உன் வழக்கே."

பயப்படத் தெரியாத மனிதர் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? எதைக் கொடுக்கிறோம் என்று அவர் உடம்புக்குத் தெரியாது. தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். மகன் முகத்தையும் இந்த மனிதர் முகத்தையும் மாறி மாறி நினைத்தாள். எந்தப் பக்கம் நினைத்தாலும் கொலை செய்வது போலிருந்தது. தெருவில் ரெஜினா யாரிடமோ அழுதுகொண்டு போவது கேட்டது. மெற்றில்டா அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, தழும்பின்மேல் காந்தத்தை வைத்து, ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கு விடைத்தது. கை தரையைத் தடவியது. வியர்வை நெற்றியில் கொப்பளித்து வந்தது. எதையோ கேட்க முயல்பவர் போலத் தலையைச் சாய்த்தார்.

"எலே" என்றார். "எலே ஜெனி... எலே..."

அந்தக் குரலை அவள் மறந்தே போயிருந்தாள். கரகரப்பு இல்லாத, முழுசான, பழைய குரல். எழுந்தவர் கதவு நிலையில் மோதிக்கொண்டார். "ஏட்டி! எம்பிள்ளைய நானே வேண்டாம்னுட்டு வந்துட்டேனேட்டி! சோறு கேட்டனேட்டி!" தலையில் அடித்துக்கொண்டே செருப்பில்லாமல் துறைமுகத்தைப் பார்த்து ஓடினார். மெற்றில்டா பின்னால் ஓடினாள்.

அன்று துறைமுகத்தில் அவர் போட்ட சத்தத்தை ஊர் இன்னும் பேசுகிறது. படகுகளில் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அதிகாரி எச்சரிக்கைக் கொடியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். கஸ்பார் அவர் சட்டையைப் பிடித்தார். அடுத்த நொடி அவர் காலைப் பிடித்தார். "உம்ம பிள்ளையா இருந்தா சும்மா இருப்பீரா சார்? சொல்லும். இருப்பீரா?" அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொடியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. தென்கிழக்காகப் பரவலாகப் போவது என்று முடிவாகி, படகுகளின் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன.

அவரும் ஏறப்போவதைப் பார்த்து மெற்றில்டா கையைப் பிடித்தாள். உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு தெறித்தது.

"அவங்க போவட்டும். நீங்க இருங்க. நான் அத எடுத்துருதேன்."

அவர் இரண்டு கையாலும் நெஞ்சை மூடிக்கொண்டார். "தொடாத! எடுத்தா நான் பாதி வழியில 'போதும், திரும்புங்கல'ன்னு சொல்லிருவேன். எனக்கு என்னையத் தெரியும். இத எடுக்காத ஏட்டி. வலிக்கட்டும்."

படகு அலையில் ஏறி இறங்கித் தூரத்தில் புள்ளியாகும்வரை அவள் நின்றாள். எந்தப் பக்கத்துக்காக ஜெபம் சொல்வது என்றே தெரியவில்லை. மகனுக்காகத் தொடங்கிய ஜெபம் பாதியில் புருஷன் பெயரில் வந்து நின்றது. பக்கத்தில் ரெஜினா வந்து நின்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கோயிலுக்குத் திரும்பிப் போகவில்லை. ஐஸ் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து கடலையே பார்த்திருந்தார்கள். சோறு கொண்டுவந்தவர்கள் அப்படியே திருப்பிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மதியம் வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. படகு கிடைத்துவிட்டது. ஆள்கள் உயிரோடு இருக்கிறார்கள். அதற்குமேல் இரைச்சல். துறைமுகமே கத்தியது. ரெஜினா மெற்றில்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

படகுகள் வந்தபோது செல்வினைத் தாங்கி இறக்கினார்கள். பின்னால் இன்னும் மூன்று பேர், உப்பு பூத்த உதடுகளோடு. கடைசியாக கஸ்பார் ஒருவர் தோளைப் பிடித்து இறங்கி வந்தார். மெற்றில்டா அவரைத் தாண்டிப் படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜெனிஸ்டன் இல்ல மெற்றில்டா" என்றார் கஸ்பார். குரல் கரகரத்திருந்தது. "மொத நாளே போயிட்டான். வா, வீட்டுக்குப் போவோம்."

செல்வின்தான் பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது; மெற்றில்டா வந்து கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"வலைக்கயிறு போட்டுக்கு அடியில உள்ள விசிறியில சுத்திக்கிச்சு அத்த. இன்ஜின் நின்னுட்டு. நான்தான் குதிக்கேன்னு சொன்னேன். 'நீ புது மாப்பிள்ள, ஒக்காருல'ன்னு அவன் கத்தியக் கடிச்சுக்கிட்டு எறங்கிட்டான். பாதி அறுத்துட்டான். அப்ப ஒரு அல வந்துச்சு."

"மாமாட்ட எப்பச் சொன்னிய?"

"போட்டு பக்கத்துல வரும்போதே 'ஜெனி எங்கல, ஜெனி எங்கல'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாவ. நாங்க யாரும் வாயத் தொறக்கல. அதுலயே தெரிஞ்சுக்கிட்டாவ. ஒரு அழுக அழுதாவ பாருங்க... கடலப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு. அப்படி ஒரு அழுகைய நான் கேட்டதே இல்ல. அழும்போதே நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாவ. மூச்சு நின்னுட்டுன்னுதான் நெனச்சோம். சட்டையக் கிழிச்சுப் பாத்தா ஏதோ ஒட்டியிருக்கு. பிச்சு எறிஞ்சோம். அப்புறம்தான் மெல்லக் கண்ணத் தொறந்தாவ."

"என்ன சொல்லி அழுதாவ?"

"பேருதான். பேர மட்டும்தான் சொன்னாவ."

மெற்றில்டா தலையாட்டினாள். மகனுக்காக அவன் தகப்பன் அழுத ஒரே அழுகை, அவள் காதில் விழாமல் கடலோடு போய்விட்டது. நிதானமாக யோசித்த கஸ்பார் சொன்னது ஜெனிஸ்டன் விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது. அவர் தேட வேண்டாம் என்றபோது அவன் போய் நாளாகியிருந்தது. ஆனால் அவர் அப்படியே இருந்திருந்தால் இந்த நாலு பேரும் செத்திருப்பார்கள். மகனுக்காகப் பட்ட பயம் அடுத்தவர் பிள்ளைகளைக் கொண்டுவந்திருக்கிறது. அவள் செல்வின் காலைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

டாக்டர் இந்துமதி கஸ்பாரைப் பரிசோதித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இதயத்தின் ஒரு பகுதி துவண்டுவிட்டது. இனி ஒரு நிமிடம்கூடக் கருவி நிற்கக் கூடாது. காந்தத்துக்கு அது பணியாதபடி மாற்றிவிட வேண்டும், அளவையும் கூட்ட வேண்டும்.

"அப்போ இனிமே அவரு அழவே மாட்டாரா?"

"மாட்டார்."

வேறு வழி இல்லை. "செய்ங்க" என்றாள் மெற்றில்டா.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் கொடுமையானவை. உடல் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துப் பூசை நடந்தது. வந்தவர்கள் கையையெல்லாம் கஸ்பார் மரியாதையாகப் பிடித்துக்கொண்டார். வேளைக்குச் சாப்பிட்டார், சங்கத்துக்குப் போய்வந்தார், அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். ஜெனிஸ்டனின் சட்டைகளை மடித்து ஏழைப் பையன்களுக்குக் கொடுக்கலாமே என்று அன்போடு சொன்னார். அவள் அந்தச் சட்டைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறியபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். அந்தக் கை ஒரு நல்ல அயல்வீட்டுக்காரரின் கையைப் போல இருந்தது.

மெற்றில்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தியில் ரத்தம் வந்தது. படியேறினால் நெஞ்சு காதில் அடித்தது. கஸ்பாரின் பரிசோதனைக்காகத் திருநெல்வேலி போனபோது, அவரைப் பார்த்து முடித்த டாக்டர் இவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். உடனே சோதனைகள் எடுக்கச் சொன்னார்.

முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் மெற்றில்டா திடீரென்று மேசையில் குனிந்து கெஞ்சினாள்.

"எனக்கும் அத வச்சிருங்க டாக்டர். என்னால முடியல. ஒத்தையில என்னால அழ முடியல. நான்தான் அன்னைக்கு அத நிறுத்துனேன், எனக்குக் கேக்க வாயில்ல. ஆனா வச்சிருங்க. நானும் இவர மாதிரி சோறு திங்கணும், தூங்கணும்."

"வைக்கலாம்மா" என்றார் இந்துமதி மெதுவாக. "உங்க உடம்பு இருக்கிற நிலைமைக்கு நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இப்படியே விட்டா நீங்களும் விழுந்துடுவீங்க. அடுத்த வாரமே செய்யலாம்."

"அவளுக்கு வேண்டாம் டாக்டர்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்பார் நாற்காலியில் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

"என்ன சொல்றீங்க? அவங்க எவ்வளவு கஷ்டப்படுறாங்கன்னு தெரியுதா?" டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது.

"தெரியுது. மருந்து குடுங்க, படுக்க வச்சுப் பாருங்க, என்ன செலவானாலும் செய்ங்க. இது மட்டும் வேண்டாம்." அந்தக் கரகரத்த குரலில், கணக்குச் சொல்வது போலச் சொன்னார். "அவன் பேரச் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆவல டாக்டர். போட்டோவப் பாத்தா ஒண்ணும் ஆவல. தெனமும் சொல்லிப் பாக்கேன். இவ மொகத்தப் பாத்துத்தான் எம்பிள்ள செத்துட்டான்னு எனக்குத் தெரியுது. இவளுக்கும் வச்சிட்டியன்னா, அவன் சும்மா வெளியூருக்குப் போன மாதிரி ஆயிரும்."

டாக்டர் இந்துமதி மெற்றில்டாவைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாலும் அதன்படி செய்யத் தயாராக இருந்தார். மெற்றில்டா புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "மாத்திரை எழுதித் தாங்க டாக்டர். குடிச்சுப் பாக்கேன்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் அவள். திருநெல்வேலியைத் தாண்டியதும் அவளுக்குக் கண்ணீர் வந்தது. எப்போதும் அவர் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்று திரும்பவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. அவர் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

கஸ்பார் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.